நான்கு சுவருக்குள் சொன்னது எப்போது வெளியே வரலாம்?

இன்றைய கலந்துரையாடலின் தலைப்பைக் கேட்டதும், "இது டாக்டர்களும் வழக்கறிஞர்களும் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம், நமக்கு எதற்கு?" என்று சிலருக்குத் தோன்றலாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு வீடு தேடி வந்து பயிற்சி தரும் நடத்தைச் சிகிச்சையாளர்கள் இப்போது நம் நாட்டிலும் இருக்கிறார்கள். பெற்றோர் 'ஏ.பி.ஏ.' என்று சுருக்கமாகச் சொல்கிறார்களே, அந்த நடத்தைப் பகுப்பாய்வுதான் இவர்கள் தொழில். டாக்டரை நாம் அவருடைய கிளினிக்கில் போய்ப் பார்க்கிறோம். இவர்களோ நம் வீட்டு வரவேற்பறையில் உட்காருகிறார்கள்; சமையலறையில் நிற்கிறார்கள்; பிள்ளை குளிக்க அடம் பிடித்தால் குளியலறை வாசல் வரைக்கும் வருகிறார்கள். பிள்ளை எத்தனை முறை கத்தினான், கத்துவதற்கு முன்னால் என்ன நடந்தது, அம்மா என்ன செய்தார், அப்பா என்ன சொன்னார் என்பதையெல்லாம் எண்ணி எண்ணித் தாளில் குறிப்பதே அவர்கள் வேலை. பிள்ளையின் இரகசியத்தோடு குடும்பத்தின் இரகசியமும் அந்தத் தாளில் ஏறிவிடுகிறது.

அந்தத் தாளை யார் கேட்டால் காட்டலாம்? யாருமே கேட்காவிட்டாலும் எப்போது காட்டியே தீர வேண்டும்? இதற்கு இன்று எழுத்தில் விதிகள் இருக்கின்றன. ஆனால் அந்த விதிகளை வெறும் பட்டியலாகப் படித்தால் ஒன்றும் மனத்தில் நிற்காது. முக்கியமான விதிவிலக்குகளின் பின்னால் அடிபட்ட ஒரு பிள்ளையோ, உயிரை விட்ட ஒரு பெண்ணோ இருக்கிறார்கள். அவர்களைத் தெரிந்து கொண்டால் விதியும் தானாகப் புரியும்.

நோயாளி சொன்னதை வெளியே சொல்லக்கூடாது என்ற எண்ணம் மிகப் பழையது. கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் உறுதிமொழியிலேயே அது இருக்கிறது. ஆனால் மருத்துவரின் மரியாதை வேறு, நீதிமன்றத்தின் சட்டம் வேறு. 1776ஆம் ஆண்டு லண்டனில் கிங்ஸ்டன் சீமாட்டி மீது, முதல் கணவர் உயிரோடு இருக்கும்போதே இன்னொருவரை மணந்தார் என்று வழக்கு நடந்தது. பிரபுக்கள் சபையே நீதிமன்றமாகக் கூடியது. சீசர் ஹாக்கின்ஸ் என்ற அறுவை மருத்துவர், தொழில் முறையில் தமக்குத் தெரிய வந்ததைச் சொல்ல வேண்டுமா என்று தயங்கினார். நீதிபதி மேன்ஸ்ஃபீல்டு பிரபுவின் பதில் தெளிவாக இருந்தது. மருத்துவர் தாமாகப் போய் ஊரெல்லாம் சொன்னால் அது மானக்கேடு. நீதிமன்றம் கேட்கும்போது சொல்வது கடமை. சொல்லுங்கள் என்றார்.

இந்தப் பழங்கதை நமக்கு எதற்கு என்றால், நம் சட்டமும் அந்த வழியில் வந்ததுதான். மலேசியாவின் 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம், 1872ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தைத் தழுவியது. அதன் 126ஆவது பிரிவு, வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதைக் காப்பாற்றுகிறது. மருத்துவருக்கோ மனநல ஆலோசகருக்கோ அப்படி ஒரு பிரிவு அங்கே இல்லை. அமெரிக்காவில் மட்டும் நியூயார்க் மாநிலம் 1828இலேயே மருத்துவரிடம் சொன்னதற்கும் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது. மனநலச் சிகிச்சையில் பேசியதற்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூட்டரசு நீதிமன்றங்களில் அதே பாதுகாப்பை அளித்தது 1996இல்தான்.

எக்ஸ்ரே சொன்ன சாட்சி

முதல் பெரிய விதிவிலக்கு பிள்ளைகளால் வந்தது. 1962இல் டென்வர் நகரின் குழந்தை மருத்துவர் ஹென்றி கெம்பியும் அவருடைய தோழர்களும் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார்கள். கட்டிலிலிருந்து விழுந்துவிட்டது, படியில் உருண்டுவிட்டது என்று பெற்றோர் சொல்லித் தூக்கி வரும் குழந்தைகளின் எக்ஸ்ரே படங்களில், வெவ்வேறு காலத்தில் முறிந்து, வெவ்வேறு அளவில் ஆறிய எலும்புகள் தெரிகின்றன. இது விபத்தல்ல, அடி என்பதே அதன் சாரம். மருத்துவர்களுக்கு அதுவரை இது தெரியாமல் இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பெற்றோரே கட்டணம் கட்டுகிறவர்கள், பெற்றோரே விவரம் சொல்கிறவர்கள் என்ற நிலையில், பார்த்ததை நம்ப மனம் வரவில்லை என்பதுதான் உண்மையாக இருக்கும்.

அந்தக் கட்டுரைக்குப் பிறகு ஐந்தே ஆண்டுகளில், அநேகமாக எல்லா அமெரிக்க மாநிலங்களும், சந்தேகம் வந்தாலே அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டன. தொடக்கத்தில் மருத்துவர்களுக்கு இருந்த கடமை பிறகு ஆசிரியர்கள், சமூக நல ஊழியர்கள், சிகிச்சையாளர்கள் என்று விரிந்தது. இதில் கவனிக்க வேண்டியது, நிரூபணம் கேட்கப்படவில்லை. நியாயமான சந்தேகம் போதும். விசாரிப்பது அதிகாரிகள் வேலை. இரகசியத்தின் உரிமை பிள்ளையுடையது. பிள்ளையை அடித்தவர் அதன் பின்னால் ஒளிந்து கொள்ள முடியாது என்ற எண்ணம் அன்றுதான் சட்டத்தில் நுழைந்தது.

பெர்க்லியில் ஒரு பெண்

இப்போது நான் சொல்லப் போகும் வழக்கு, மனநலம் படிக்கும் மாணவர்கள் உலகம் முழுவதும் படிக்கிற வழக்கு. அதில் ஓர் இந்திய இளைஞர் இருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது.

பிரசென்ஜித் பொத்தார் வங்காளத்திலிருந்து 1967இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குக் கப்பல் வடிவமைப்புப் படிக்க வந்தவர். தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்து படிப்பால் மேலே வந்தவர் என்று நீதிமன்ற ஆவணமே குறிப்பிடுகிறது. மாணவர்கள் தங்கும் விடுதியில் நாட்டுப்புற நடன வகுப்பு நடந்தது. அங்கே 1968இல் தத்யானா தாராசோஃப் என்ற பெண் அறிமுகமானார். அந்த ஆண்டின் கடைசி இரவு, புத்தாண்டு பிறக்கும் வேளையில், தத்யானா அவருக்கு ஒரு முத்தம் கொடுத்தார். அந்த ஊரில் அது வாழ்த்து. அவருக்கோ அது வாக்குறுதியாகப் பட்டது. தமக்கு அப்படிப்பட்ட எண்ணம் இல்லை என்று அந்தப் பெண் தெளிவாகச் சொன்ன பிறகு, பொத்தார் உடைந்து போனார். படிப்பை விட்டார், தனியாக அழுதார், உடம்பைக் கவனிக்கவில்லை.

1969 கோடையில் தத்யானா பிரேசிலுக்குப் போனார். அந்த இடைவெளியில் பொத்தார், நண்பர் ஒருவர் சொன்னதைக் கேட்டுப் பல்கலைக்கழக மருத்துவமனையில் சிகிச்சைக்குச் சேர்ந்தார். அங்கே அவரைப் பார்த்தவர் லாரன்ஸ் மூர் என்ற மனநல நிபுணர். ஆகஸ்டு மாதம், ஒரு பெண் ஊர் திரும்பியதும் அவளைக் கொல்லப் போவதாகப் பொத்தார் அவரிடம் சொன்னார். பெயரைச் சொல்லவில்லை. ஆனால் யார் என்று கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை.

மூர் சும்மா இருக்கவில்லை. இதை நாம் நியாயமாகச் சொல்ல வேண்டும். இரகசியத்தை உடைத்து, வளாகப் போலீசாரிடம் முதலில் வாய்மொழியாகவும் பிறகு கடிதத்திலும் தெரிவித்து, இவரைப் பிடித்து மருத்துவமனையில் வைக்க வேண்டும் என்று கேட்டார். போலீசார் பொத்தாரை அழைத்துப் பேசினார்கள். தெளிவாகத்தான் பேசுகிறார் என்று பட்டது. அந்தப் பெண் பக்கம் போக மாட்டேன் என்று வாக்கு வாங்கிக் கொண்டு விட்டுவிட்டார்கள். அதன் பிறகு மருத்துவமனையின் மனநலப் பிரிவுத் தலைவர், அந்தக் கடிதத்தைத் திருப்பித் தரும்படி போலீசாரிடம் கேட்டார். கடிதத்தின் நகல்களையும் மூர் எழுதிய சிகிச்சைக் குறிப்புகளையும் அழித்துவிடச் சொன்னார். பொத்தாரைத் தடுத்து வைக்க மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டாம் என்றும் உத்தரவிட்டார்.

பொத்தார் அதன் பிறகு சிகிச்சைக்கு வரவே இல்லை. தம்மை நம்ப வைத்துப் போலீசில் சொல்லிவிட்டார்கள் என்று ஆன பிறகு எப்படி வருவார்? இரகசியமும் போயிற்று, சிகிச்சையும் போயிற்று. பிரேசிலில் இருந்த தத்யானாவுக்கோ, பெர்க்லியில் இருந்த அவருடைய பெற்றோருக்கோ ஒரு வார்த்தை சொன்னவர் யாரும் இல்லை. இன்னும் கொடுமை, அந்தப் பெண்ணின் சொந்தச் சகோதரரோடு ஒரே வீட்டைப் பகிர்ந்து கொண்டு பொத்தார் குடியிருந்தார். அவருக்கும் எதுவும் தெரியாது.

1969 அக்டோபர் 27. தத்யானா ஊர் திரும்பியிருந்தார். பொத்தார் அவர் வீட்டுக்குப் போய், சிறு குண்டுத் துப்பாக்கியால் சுட்டு, வெளியே ஓடியவரைத் துரத்திக் கத்தியால் குத்தினார். பிறகு தாமே போலீசை அழைத்தார். கொலைக் குற்றம் உறுதியானது. ஆனால் ஜூரிகளுக்கு நீதிபதி சட்டத்தை விளக்கியதில் குறை இருந்தது என்று 1974இல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. அரசு மறுபடியும் வழக்கு நடத்தவில்லை. அவர் இந்தியா திரும்பினார்.

பெற்றோர் பல்கலைக்கழகத்தின் மீது வழக்குப் போட்டார்கள். எங்கள் மகளுக்கு ஏன் சொல்லவில்லை என்ற ஒரே கேள்விதான். கீழ் நீதிமன்றங்கள் தள்ளுபடி செய்தன. உங்கள் மகள் அந்த மருத்துவரின் நோயாளி அல்லவே, அவருக்கு என்ன கடமை என்பது அவர்கள் வாதம். கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1974இல் பெற்றோர் பக்கம் திரும்பியது. எதிர்ப்பு பலமாக எழவே, அதே நீதிமன்றம் வழக்கை மறுபடி கேட்டு, 1976 ஜூலை 1ஆம் தேதி இறுதித் தீர்ப்புச் சொன்னது. நீதிபதி மேத்யூ டோப்ரினர் எழுதியது: நோயாளி இன்னொருவருக்குக் கடும் ஆபத்து விளைவிப்பார் என்று சிகிச்சையாளருக்குத் தெரிந்தால், அல்லது தொழில் அறிந்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றால், அந்த மூன்றாம் நபரைக் காப்பாற்ற நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும். அவரை எச்சரிக்கலாம், போலீசுக்குச் சொல்லலாம், சூழ்நிலைக்கு ஏற்ப வேறு எது தேவையோ அதையும் செய்யலாம். பொது மக்களுக்கு ஆபத்து தொடங்கும் இடத்தில் இரகசியத்தின் காவல் முடிகிறது என்பது அந்தத் தீர்ப்பின் மையம். போலீசாருக்குப் பொறுப்பு இல்லை என்றும் சொன்னது. பிறகு வழக்கு சமரசத்தில் முடிந்தது.

தீர்ப்பு ஒருமனதானது அல்ல. நீதிபதி வில்லியம் கிளார்க் கடுமையாக மறுத்தார். இரகசியம் நிலைக்காது என்று தெரிந்தால் கோபத்தில் இருப்பவர்கள் வாய் திறக்கவே மாட்டார்கள். சிகிச்சைக்கு வராதவர்களால் ஆபத்து கூடத்தான் செய்யும் என்றார். பொத்தார் சிகிச்சையை விட்டதை எண்ணிப் பார்த்தால் இந்த வாதத்தைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. நீதிபதி ஸ்டான்லி மோஸ்க் வேறு ஒன்று சொன்னார். யார் கொலை செய்வார் என்று முன்கூட்டிச் சொல்லும் திறமை மனநல மருத்துவத்துக்கு இல்லை. இல்லாத திறமைக்கு எப்படிப் பொறுப்பாக்குவீர்கள்?

என் கணிப்பில், இரகசியத்தை உடைத்ததைவிட அதைப் பாதி உடைத்ததுதான் அங்கே பெரிய தவறு. போலீசுக்குத் தெரிந்தது, மருத்துவமனைக்குத் தெரிந்தது, கடிதத்தைத் தட்டச்சு செய்தவருக்குக்கூடத் தெரிந்திருக்கும். உயிர் போகப் போகிறவருக்கு மட்டும் தெரியவில்லை.

கலிபோர்னியா 1985இல் தனிச் சட்டம் கொண்டு வந்து இந்தக் கடமைக்கு எல்லை போட்டது. அடையாளம் காணக்கூடிய ஒருவர் மீது நோயாளியே கடும் மிரட்டல் விடுத்தால்தான் கடமை வரும் என்றது. எல்லா மாநிலங்களும் ஒரே வழியில் போகவில்லை. டெக்சஸ் உச்ச நீதிமன்றம் 1999இல், எச்சரிக்க வேண்டும் என்ற கடமை எங்களுக்கு வேண்டாம் என்று கூறிவிட்டது. இங்கிலாந்தில் எக்டெல் என்ற மனநல மருத்துவர், ஐந்து பேரைக் கொன்று பாதுகாப்பு மருத்துவமனையில் இருந்த ஒருவரைப் பற்றிய தம் அறிக்கையை, அவர் சம்மதம் இல்லாமலே மருத்துவமனைக்கு அனுப்பினார். 1989இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் செய்தது சரி என்றது. கவனியுங்கள்: கலிபோர்னியாவில் 'சொல்லியாக வேண்டும்', இங்கிலாந்தில் 'சொல்லலாம்'.

சுவருக்குள் நடந்தது

நடத்தைப் பகுப்பாய்வுத் துறைக்கு அதன் சொந்தப் பாடம் வேறு இடத்தில் கிடைத்தது. ஃபுளோரிடா மாநிலத்தின் மியாமி நகரில் சன்லேண்ட் என்ற அரசுப் பயிற்சி நிலையம் இருந்தது. அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் தங்கியிருந்த இடம். நல்ல நடத்தைக்கு வில்லைகள் கொடுத்து, அவற்றைச் சேர்த்துப் பொருள் வாங்கச் செய்யும் திட்டம் அங்கே நடந்தது. திட்டம் காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது. 1972இல் விசாரணைக் குழு உள்ளே போனபோது தெரிந்தது வேறு. கட்டையால் அடி, வாயைச் சோப்பால் கழுவுதல், மணிக்கணக்கில் கட்டி வைத்தல், மற்றவர் முன்னிலையில் அவமானப்படுத்துதல். எல்லாமே 'நடத்தை மாற்றம்' என்ற பெயரில். ஊழியர்கள் பார்த்துக் கொண்டிருந்தார்கள். உள்ளே நடப்பது வெளியே தெரியக்கூடாது என்ற பழக்கம், காக்கப்பட வேண்டியவர்களைக் காக்காமல், அடித்தவர்களைக் காத்தது.

அந்த அவமானத்திலிருந்துதான் ஃபுளோரிடாவில் கண்காணிப்பு விதிகள் வந்தன. பிறகு தேர்வும் சான்றிதழும் வந்தன. அந்த அனுபவமே 1998இல் நடத்தைப் பகுப்பாய்வாளர் சான்றிதழ் வாரியம் பிறக்க வழிவகுத்தது.

அந்த வாரியத்தின் இன்றைய நெறிமுறை 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. வாடிக்கையாளரைப் பற்றிய இரகசியத் தகவலை வெளியிட ஐந்து சூழ்நிலைகளில்தான் அனுமதி. சம்மதம் பெற்றிருந்தால் சொல்லலாம். ஒப்பந்தச் சிக்கலைத் தீர்க்கவும் தேவையானதைச் சொல்லலாம். கட்டணத் தகராறு போன்றவை இதில் வரும். மற்ற மூன்றையும் பாருங்கள். வாடிக்கையாளரையோ மற்றவரையோ தீங்கிலிருந்து காப்பாற்ற; இன்னொருவருக்கு உடலாலோ மனத்தாலோ பணத்தாலோ கேடு விளைவிக்கக்கூடிய குற்றத்தைத் தடுக்க; சட்டமோ நீதிமன்ற உத்தரவோ கட்டாயப்படுத்தும்போது. கெம்பியின் எக்ஸ்ரேயும், தத்யானாவும், சீசர் ஹாக்கின்ஸின் தயக்கமும் இந்த வரிகளின் பின்னால் நிற்பது தெரிகிறதா? தாராசோஃப் தீர்ப்பு மனநலச் சிகிச்சையாளரைப் பற்றியது. அது நடத்தைப் பகுப்பாய்வாளரையும் கட்டுப்படுத்துமா என்பதை அந்தந்த மாநிலச் சட்டம்தான் சொல்லும். நெறிமுறை அனுமதி தருகிறது; கட்டளை இடுவது சட்டம்.

அதே நெறிமுறை, சிகிச்சையாளர் தம் சொந்தச் சமூக ஊடகப் பக்கத்தில் வாடிக்கையாளரின் படத்தையோ விவரத்தையோ போடக்கூடாது என்கிறது. பிள்ளை முதல் முறை 'அம்மா' என்று சொன்ன காணொளி எவ்வளவு இனிமையாக இருந்தாலும் சரி. தொலைக்காட்சிக்காரியான நான் இதைச் சொல்வது வேடிக்கைதான். இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளுக்குத் தொலைபேசியில் அழைப்பவர்கள் பலர், பெயரைச் சொல்ல வேண்டாம், ஊரையும் சொல்ல வேண்டாம் என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். நம் சமூகத்தில் பிள்ளைக்கு ஆட்டிசம் என்பதைத் தாத்தா பாட்டியிடம்கூடச் சொல்லாத குடும்பங்கள் உண்டு.

நம் நாட்டு நிலவரத்தைச் சொல்லி முடிக்கிறேன். அந்த அமெரிக்க வாரியம் 2023 தொடக்கத்திலிருந்து, ஒரு சில நாடுகளைத் தவிர மற்ற இடங்களில் இருப்பவர்களுக்குப் புதிய சான்றிதழ் தருவதை நிறுத்திக் கொண்டது. 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில் சட்டம் பேச்சுச் சிகிச்சையாளரையும் தொழில்வழிச் சிகிச்சையாளரையும் பட்டியலிட்டது. நடத்தைப் பகுப்பாய்வாளரை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஆகவே வீட்டுக்கு வருபவரிடம், என்ன குறிப்பு எழுதுவீர்கள், யாரிடம் காட்டுவீர்கள், எந்தச் சூழ்நிலையில் என்னைக் கேட்காமலே சொல்வீர்கள் என்று முதல் நாளே கேட்டு எழுதி வாங்கிக் கொள்வது பெற்றோர் பொறுப்பாகிறது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நல, மனநல விவரங்களைக் கூடுதல் கவனத்துக்குரியவை என்று வகைப்படுத்தியிருப்பதையும் அவரிடம் நினைவூட்டலாம்.

ஆனால் பிள்ளையின் முதுகில் பிரம்புத் தழும்பைப் பார்த்தால்? 2001ஆம் ஆண்டு சிறார் சட்டம், பிள்ளை துன்புறுத்தப்பட்டதாக நம்பக் காரணம் இருந்தால் சமூக நல அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மருத்துவருக்கும், குடும்ப உறுப்பினருக்கும், கட்டணம் பெற்றுப் பிள்ளையைக் கவனித்துக் கொள்பவருக்கும் கடமை விதித்திருக்கிறது. பாலியல் குற்றம் என்றால் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆவது பிரிவு இன்னும் அகலமானது. தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாத எவரும் குற்றவாளி; பதவியோ தொழிலோ அங்கே கணக்கில்லை. புகார் செய்தால் அந்தக் குடும்பம் மறுநாளே கதவைச் சாத்திவிடும், பிள்ளைக்கு இருந்த ஓர் உதவியும் போய்விடும் என்று சிகிச்சையாளர்கள் அஞ்சுவது உண்டு. நீதிபதி கிளார்க் 1976இல் சொன்ன அதே அச்சம்தான் அது, பொய்யான அச்சமும் அல்ல. அப்படித் தயங்கி நிற்பவர்கள், அண்டை வீட்டுக்காரரானாலும் சரி, அழைப்பதற்கு 'தாலியான் காசே' தொலைபேசிச் சேவை 24 மணி நேரமும் இயங்குகிறது. எண் 15999.